வெளியீட்டு விழா முடிந்த பிறகு: சொந்தமாக நூல் வெளியிடுவோருக்கு இணையத்தில் ஓர் இடம்

இலங்கையில் தமிழில் எழுதும் ஒருவர் தனது நூலைத் தானே அச்சிட்டு வெளியிடுவது புதுமையான விடயமல்ல. கவிதைத் தொகுதி, சிறுகதைத் தொகுதி, ஊர் வரலாறு, எதுவானாலும் அச்சகத்துக்குப் போகும் பணம் பெரும்பாலும் எழுதியவருடையதுதான். ஓய்வு பெற்ற ஆசிரியர் தனது பணிக்கொடையில் ஒரு பகுதியை ஒதுக்குகிறார். இன்னொருவருக்கு வெளிநாட்டிலுள்ள மகன் காசு அனுப்புகிறார். 300 அல்லது 500 பிரதிகள் அச்சாகின்றன. பாடசாலை மண்டபத்தில் வெளியீட்டு விழா நடக்கிறது. முதற்பிரதியை ஒரு புரவலர் பெற்றுக்கொள்கிறார். நயவுரை, ஏற்புரை, தேநீர். மறுநாள் செய்தித் தளங்களில் நான்கு படங்களோடு ஒரு செய்தி வருகிறது. அந்தச் செய்தி இரண்டு நாட்களில் கீழே போய்விடுகிறது.

மீதிப் பிரதிகள் அலுமாரிக்கு மேலும் கட்டிலுக்குக் கீழும் பெட்டிகளில் கிடக்கின்றன. மூன்று வருடம் கழித்து, அந்த ஊரைப் பற்றியோ அந்தத் துறையைப் பற்றியோ ஆய்வு செய்யும் பல்கலைக்கழக மாணவி ஒருவர் கூகுளில் தேடுகிறார். ஒன்றும் கிடைப்பதில்லை. "இவ்விடயம் தொடர்பாக இதுவரை எவரும் எழுதவில்லை" என்று தனது ஆய்வின் முன்னுரையில் எழுதிவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. தேடினார், இருக்கவில்லை.

நூல் வெளியிட்ட பலர் இணைய இருப்பு என்பதை விளம்பரம் என்று விளங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். "எனக்கு என்னைப் பற்றிப் பறைசாற்றத் தெரியாது" என்பார்கள். இது பறைசாற்றும் விடயமே அல்ல. நூல் இருக்கிறது, அதன் பெயர் இது, எழுதியவர் இவர், இங்கே வாங்கலாம் என்ற நான்கு தகவல்களும் தேடுபவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் விடயம். பேராசிரியர் ம.மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களைத் தேடித் தொகுத்து, தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி பற்றிய தனது ஆங்கில நூலை 1953 இல் வெளியிட்டார். அப்படி ஒருவர் உட்கார்ந்து பெயர்களை வரிசைப்படுத்தியதால்தான் பல நூல்கள் இருந்தன என்பதே நமக்குத் தெரிகிறது. இன்று அந்த வேலையில் பெரும் பங்கைத் தேடுபொறி செய்கிறது. ஆனால் அதற்குத் தகவலைக் கொடுக்க வேண்டியவர் நூலாசிரியர்.

பெயரில் தொடங்குங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட முதலில் தீர்க்க வேண்டியது பெயர். நமது பெயர்கள் தேடுபொறிக்குப் பெரும் தலையிடி. முஹம்மத், முஹம்மது, முகம்மது, முகமது என்று ஒரே பெயரைத் தமிழில் நான்கு விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஓ' போடுபவரும் உண்டு, 'யூ' போடுபவரும் உண்டு, ஒரு 'எம்' போடுபவரும் இரண்டு 'எம்' போடுபவரும் உண்டு. அதற்கு முன்னால் மூன்று முதலெழுத்துக்கள். அவற்றுக்கிடையே சிலர் புள்ளி வைக்கிறார்கள், சிலர் இடைவெளி விடுகிறார்கள், சிலர் இரண்டும் இல்லாமல் சேர்த்து எழுதுகிறார்கள். நூலின் அட்டையில் ஒரு பெயர், முகநூலில் ஒரு பெயர், பத்திரிகைக் கட்டுரையில் இன்னொரு பெயர் என்று ஒருவரே மூவராக இருப்பதும் உண்டு.

இதற்குத் தீர்வு எளிது. அட்டையில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். ஆங்கிலத்திலும் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலைத் தெரிந்தெடுத்து அதில் நில்லுங்கள். உங்கள் அறிமுகக் குறிப்பில் ஒரு வரியில் மாற்று வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள்: இன்ன பெயரிலும் எழுதியுள்ளார், இன்னவாறும் எழுதப்படுவதுண்டு என்று. தேடுபவர் எதைத் தட்டினாலும் அந்த வரி அவரை உங்களிடம் கொண்டு வந்து சேர்க்கும்.

நமது மூத்த எழுத்தாளர்கள் இந்த விடயத்தில் தெரியாமலேயே முன்னோடிகளாக இருந்திருக்கிறார்கள். திக்குவல்லை கமால், மருதூர்க்கொத்தன் என்று ஊரின் பெயரைத் தாங்கிய புனைபெயர்கள் இணையத்துக்கென்றே செய்தவை போல இருக்கின்றன. கமால் என்று தேடினால் உலகமெங்குமுள்ள கமால்கள் வருவார்கள். திக்குவல்லையைச் சேர்த்துத் தேடினால் ஒருவர்தான். புதிதாக எழுத வருபவர்கள் ஊர்ப்பெயரைப் பழைய பாணி என்று விட்டுவிடுகிறார்கள். பொதுவான பெயர் வைத்திருப்பவர்கள் அதை மீண்டும் யோசித்துப் பார்க்கலாம்.

நூலின் தலைப்புக்கும் இது பொருந்தும். 'நினைவுகள்' என்று பெயர் வைத்தால் அந்தச் சொல்லில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கும். தலைப்பை மாற்ற மனமில்லாவிட்டால் ஒரு துணைத்தலைப்பாவது வையுங்கள். நூல் எதைப் பற்றியது, எந்த ஊர், எந்தக் காலம் என்பது அதில் இருக்கட்டும். உள்ளடக்கத்திலுள்ள சொற்களிலும் ஒரு கவனம் வேண்டும். நாம் ரமழான் என்று எழுதுகிறோம். தமிழகத்தில் ரமலான், ரமளான் என்று எழுதுவார்கள், ரமதான் என்பவரும் உண்டு. நோன்பு பற்றிய நூலுக்கு அறிமுகம் எழுதும்போது இவற்றில் இரண்டு மூன்றையாவது இயல்பாகக் கலந்து எழுதினால் கடலுக்கு அந்தப் பக்கத்து வாசகரும் கண்டுகொள்வார்.

பாமினியில் உறைந்து போன நூல்கள்

அடுத்தது எழுத்துரு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமது நூல்கள் கண்ணில் படாமல் போவதற்கு நான் காணும் மிகப் பெரிய காரணம் இதுதான்.

நமது அச்சகங்களில் நீண்ட காலமாகப் பக்க வடிவமைப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே செய்யப்படுகிறது. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். ஆனால் கணினியின் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துக்கள். நாம் 'ம்' என்று பார்க்கிறோமே, அதிலுள்ள புள்ளி கணினியைப் பொறுத்தவரை ஓர் ஆங்கில அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் அடைப்புக்குறிகளும் கலந்த ஒரு குழப்பம்தான் தெரியும். தேடுபொறி வாசிப்பதும் அந்தக் குழப்பத்தைத்தான். ஆகவே பாமினியில் செய்த பிடிஎப் கோப்பை இணையத்தில் ஏற்றினாலும், நூலிலுள்ள ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுபவருக்கு அந்த நூல் கிடைக்காது.

யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் இருக்கிறது. கைத்தொலைபேசியில் நாம் தட்டுவது, வட்ஸ்அப்பில் வருவது, இப்பக்கத்தில் நீங்கள் வாசிப்பது எல்லாமே யூனிகோட்தான். நூலைப் பாமினியில் வடிவமைத்திருந்தால் அச்சகத்திடமிருந்து மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். இது முக்கியம். அச்சான பிரதிகளோடு பிடிஎப் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். சில வருடங்களில் அச்சகம் கணினியை மாற்றும்போது மூலக் கோப்பு போய்விடும். மூலக் கோப்பு கையிலிருந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒட்டி நிமிடங்களில் யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பின் ஒரு தடவை வாசித்துத் திருத்த வேண்டியிருக்கும். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் இந்த மாற்றிகள் தமிழாக்கி விளையாட்டுக் காட்டும்.

படமாகப் போடும் பழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. வெளியீட்டு அழைப்பிதழ், நூல் அறிமுகம், விமர்சனம் எல்லாவற்றையும் அழகான பின்னணியில் எழுதி ஒரு படமாகச் செய்து பகிர்கிறோம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் ஒரு வரியைப் பிரதி எடுத்து இன்னொருவர் மேற்கோள் காட்ட முடியாது, பார்வைக் குறைபாடுள்ளவருக்குத் தொலைபேசி அதை வாசித்துக் காட்டுவதும் சிரமம். படத்தைப் போடுங்கள். அதன் கீழே அதே விபரத்தை எழுத்தாகவும் தட்டுங்கள்.

ஒரு பக்கம், ஆனால் சொந்தமாக

முகநூலில் 5,000 நண்பர்கள் இருக்கிறார்கள், எனக்கு எதற்கு இணையத்தளம் என்று கேட்பவர்கள் உண்டு. முதலாவது, தனிநபர் கணக்கில் 5,000 தான் எல்லை, அதற்கு மேல் நண்பர்களைச் சேர்க்க முடியாது. இரண்டாவது, முகநூலில் நேற்று எழுதியதையே இன்று தேடிப் பிடிப்பது கஷ்டம். மூன்றாவது, கணக்கை யாராவது கைப்பற்றிவிட்டாலோ அல்லது எவரோ கூட்டமாக முறைப்பாடு செய்து கணக்கு முடக்கப்பட்டாலோ பத்து வருட எழுத்து ஒரே இரவில் போய்விடும். முகநூல் சந்தை போன்றது. வியாபாரத்துக்குப் போகலாம், குடியிருக்க முடியாது.

குடியிருக்க வேண்டிய இடம் உங்கள் பெயரில் ஒரு பக்கம். பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் இலவசமாகவே தொடங்கலாம். வசதி இருந்தால் சொந்த டொமைன் பெயர் ஒன்றை வருடாந்தக் கட்டணத்தில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கான செலவு, வெளியீட்டு விழாவில் மேடைக்குப் பின்னால் கட்டும் பதாகைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. அந்தப் பக்கத்தில் அலங்காரம் தேவையில்லை. உங்களைப் பற்றி ஐந்தாறு வரிகள். ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனிப் பக்கம். அதில் அட்டைப்படம், தலைப்பு தமிழிலும் ஆங்கில எழுத்திலும், வெளியான ஆண்டு, பக்கங்கள், ஐ.எஸ்.பி.என். இலக்கம், உள்ளடக்க அட்டவணை, ஒரு முழு அத்தியாயம், விலை, வாங்கும் வழி.

உள்ளடக்க அட்டவணையை முழுமையாகப் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊர் வரலாற்று நூலொன்றில் பழைய பள்ளிவாசல், முதலாவது பாடசாலை, 1978 சூறாவளி, அந்த ஊர் புலவர்கள் என்று அத்தியாயங்கள் இருந்தால், தேடுபவர் நூலின் பெயரைத் தேடுவதில்லை. அவருக்கு அந்தப் பெயரே தெரியாது. அவர் தேடுவது சூறாவளியை. அட்டவணை அவரை உள்ளே அழைத்து வரும்.

ஐ.எஸ்.பி.என். இல்லாமல் நூல் வெளியிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலங்கையில் இதனைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. 978 க்குப் பிறகு 955 அல்லது 624 என்று வந்தால் அது இலங்கை நூல். இந்திய வாசகர்கள் அவர்களது நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் முகவரகத்தில் கட்டணமின்றிப் பெறலாம். இந்த இலக்கம் இருந்தால் நூலகங்களும் நூல் விற்பனைத் தளங்களும் ஒரே நூலை ஒரே நூலாக அடையாளம் காணும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "விலை என்ன?" என்று முகநூலில் ஒருவர் கேட்டால் "இன்பொக்ஸில் வாருங்கள்" என்று பதில் எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் விற்பவருக்கு அது பொருந்தலாம். 600 ரூபாய் புத்தகத்துக்குப் பேரம் பேச என்ன இருக்கிறது? விலை, தபால் செலவு, வங்கிக் கணக்கு விபரம் அல்லது பணம் செலுத்தும் வழி, எத்தனை நாளில் கிடைக்கும் என்ற நான்கையும் பகிரங்கமாக எழுதிவிட்டால் பாதி வாசகர்கள் கேள்வியே கேட்காமல் வாங்குவார்கள். மீதிப் பேர் கேட்பதற்குக் கூச்சப்பட்டுப் போய்விடாமலும் இருப்பார்கள்.

எதை எழுதுவது?

பக்கத்தைத் திறந்தாகிவிட்டது. அதில் 'எனது நூலை வாங்குங்கள்' என்று வாரம் ஒரு தடவை எழுதினால் ஒரு மாதத்தில் எல்லோரும் ஓடிவிடுவார்கள்.

தொடராக வந்து பிறகு நூலாகும் மரபு நமக்குப் புதியதல்ல. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988 இல் நூலாக வருவதற்கு முன்பே முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்தது. வாசகர் முதலில், நூல் பிறகு. அதே எழுத்தாளர் 1997 இல் 'சாய்வு நாற்காலி'க்காக சாகித்திய அகாதமி விருது பெற்றார். சஞ்சிகைகள் அருகிப்போன இக்காலத்தில் அந்தத் தொடருக்கான இடத்தை எழுத்தாளர் தானே அமைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஆண்டி வெயர் என்ற கணினி நிரலாளர் அப்படித்தான் செய்தார். செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு விண்வெளி வீரனின் கதையை ஒவ்வோர் அத்தியாயமாகத் தனது சொந்த இணையத்தளத்தில் இலவசமாக வெளியிட்டார். வாசித்தவர்களில் விஞ்ஞானம் தெரிந்தவர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள், அவர் திருத்தினார். கிண்டிலில் வாசிக்க வசதியாகத் தரும்படி வாசகர்கள் கேட்டதால் 2011 இல் அமேசனில் 99 சதத்துக்குப் போட்டார். 2014 இல் பெரிய பதிப்பகம் ஒன்று அதை அச்சில் கொண்டு வந்தது. 2015 இல் 'த மார்ஷியன்' திரைப்படமாகவும் வந்தது. எல்லோருக்கும் இப்படி நடக்காது, நடக்குமென்று எதிர்பார்ப்பதும் தவறு. இதில் நமக்குப் பயன்படும் பகுதி திரைப்படமல்ல, பிழை திருத்திய வாசகர்கள்தான்.

ஊர் வரலாறு எழுதியவருக்கு இது பொன்னான வாய்ப்பு. நூலில் இடம் போதாமல் விடுபட்ட பழைய புகைப்படத்தைப் போட்டு, இதிலிருப்பவர்களில் யாரைத் தெரியும் என்று கேளுங்கள். கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பெயர் சொல்லத் தொடங்குவார்கள். எனது வாப்பா அந்த வருடம் அல்ல, அதற்கு அடுத்த வருடம்தான் அதிபராக வந்தார் என்று ஒருவர் திருத்துவார். அச்சான நூலைத் திருத்த முடியாது. ஆனால் நூலின் பக்கத்தில் 'திருத்தங்களும் சேர்க்கைகளும்' என்று ஒரு பகுதி வைத்து ஒவ்வொன்றாகப் பதிந்து வரலாம். இரண்டாம் பதிப்பு அங்கேயே தயாராகிக்கொண்டிருக்கும். பிழையை ஒத்துக்கொள்ளும் நூலை வாசகர் அதிகம் நம்புவார், ஆய்வாளர் அதிகம் மேற்கோள் காட்டுவார்.

கவிஞர்களுக்கும் சிறுகதையாளர்களுக்கும் வழி வேறு. ஒரு கதையை முழுமையாக வாசிக்கக் கொடுங்கள். உங்கள் கதையில் வரும் பேச்சு வழக்குச் சொற்களை விளக்கி எழுதுங்கள். தென் மாகாணத்தில் ஒரு சொல், கிழக்கில் அதற்கு இன்னொரு சொல், மன்னாரில் வேறொன்று. இவற்றைப் பற்றி எழுதினால் நூலை வாங்காதவர்கள் கூட வந்து வாசித்துச் சண்டை பிடித்துவிட்டுப் போவார்கள்.

வட்ஸ்அப் என்னும் தெருவாசல்

மேற்கத்திய வழிகாட்டிகள் எல்லாம் மின்னஞ்சல் பட்டியல் தொடங்கச் சொல்லும். நமது வாசகர்களில் ஆசிரியர்கள், விரிவுரையாளர்கள், புலம்பெயர்ந்தோர் சிலரைத் தவிர மற்றவர்கள் மின்னஞ்சலைத் திறப்பதே வேலைவாய்ப்பு விண்ணப்பத்துக்குத்தான். நமக்கு வட்ஸ்அப்தான். ஆனால் அதிலும் வித்தியாசம் தெரிந்து பயன்படுத்த வேண்டும். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் 'புரோட்காஸ்ட்' பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தனது தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். 2023 இல் வந்த 'சனல்' வசதியில் எத்தனை பேரும் பின்தொடரலாம். உங்கள் தொலைபேசி இலக்கம் அவர்களுக்குத் தெரியாது, அவர்களுடைய இலக்கம் மற்றவர்களுக்குத் தெரியாது. எனினும் அது ஆவணக் காப்பகம் அல்ல. பழைய பதிவுகள் அங்கே எப்போதும் இருக்குமென்று நம்ப வேண்டாம். எழுத்து உங்கள் பக்கத்தில் இருக்கட்டும், அதன் இணைப்பு வட்ஸ்அப்பில் போகட்டும்.

ஊர்க் குழுமங்களில் நூல் விளம்பரத்தைப் போடுவதில் ஒரு நாகரிகம் வேண்டும். ஜனாஸா அறிவித்தல் வந்த அடுத்த நிமிடத்தில் அட்டைப்படம் வந்தால் அந்த நூலை யார் வாங்குவார்?

நமது பெண் எழுத்தாளர்கள் பலர் இணையத்துக்கு வரத் தயங்குவதற்குக் காரணம் புகைப்படமும் தொலைபேசி இலக்கமும்தான். இரண்டும் கட்டாயமில்லை. சுயவிபரப் படத்துக்கு நூலின் அட்டையே போதும். எழுத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு இன்னொரு சிம் எடுத்து வட்ஸ்அப் பிசினஸ் கணக்கு தொடங்கலாம். அதில் நூல்களை விலையோடு காட்சிப்படுத்தும் வசதியும் இருக்கிறது. ஓடர்களைக் கவனிக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடமோ புத்தகக் கடை ஒன்றிடமோ கொடுத்துவிடலாம். புனைபெயரில் எழுதுவதும் பழைய மரபுதான். வாசகருக்கு வேண்டியது எழுத்து.

கிண்டிலா, நூலகமா?

அமேசனின் கிண்டில் தளத்தில் தமிழ் மின்னூல்களை ஏற்க ஆரம்பித்தது 2016 இறுதியில். யாரும் கட்டணமின்றி ஏற்றலாம். நிபந்தனைகளுக்கு ஏற்ப விலையில் 35 அல்லது 70 சதவீதம் ஆசிரியருக்குக் கிடைக்கும். எனினும் உங்கள் நாட்டு வங்கிக் கணக்குக்குப் பணம் எப்படி வரும் என்பதை நூலை ஏற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 'கேடிபி செலக்ட்' என்ற திட்டத்தில் சேரும்போது கூடுதல் கவனம் தேவை. அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்தப் பக்கத்தில் முழு நூலையும் இலவசமாக வைத்திருந்தால் அது நிபந்தனை மீறல். அச்சுப் பிரதி விற்பதற்கு இந்தத் தடை இல்லை.

இன்னொரு பக்கம், இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவில் ஆவணப்படுத்தும் நூலகம் தளம் 2005 முதல் இயங்கி வருகிறது. எழுதியவரின் அனுமதியோடு நூல்கள் அங்கே இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. கிண்டிலா நூலகமா என்று கேட்டால் எனது பதில் நூலைப் பொறுத்தது. புதிய நாவலை முதலில் கிண்டிலில் வைத்துப் பாருங்கள். அச்சுப் பிரதி தீர்ந்துபோன ஊர் வரலாறு, இனி மறுபதிப்பு வரப்போவதில்லை என்று தெரிந்த கவிதைத் தொகுதி, பழைய மலர்கள் போன்றவற்றை இலவசமாகக் கொடுத்துவிடுவதே மேல். அவற்றால் இனிப் பணம் வரப்போவதில்லை. வாசகராவது வரட்டும்.

விக்கிப்பீடியாவில் உங்களைப் பற்றி நீங்களே கட்டுரை எழுத வேண்டாம். அங்கு அது நலமுரண் எனக் கருதப்படும், நீக்கப்படவும் கூடும். அதற்குப் பதிலாக உங்களுக்குத் தெரிந்த ஊரைப் பற்றியோ மறைந்த எழுத்தாளரைப் பற்றியோ சான்றுகளோடு எழுதுங்கள். ஓப்பன் லைப்ரரி தளத்தில் நூலின் விபரங்களை எவரும் சேர்க்கலாம். அதை நீங்களே செய்யலாம்.

பிடிஎப் திருட்டைப் பற்றிக் கேட்காமல் எந்த நூலாசிரியரும் விடமாட்டார். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன் பின் 70 வருடங்களுக்கும் உண்டு. முகநூலிலும் கூகுளிலும் முறைப்பாட்டுப் படிவங்கள் இருக்கின்றன, அவற்றை நிரப்பி நீக்கச் சொல்லலாம். ஆனால் வட்ஸ்அப்பில் கை மாறும் கோப்பை எவராலும் நிறுத்த முடியாது. ஆகவே மின்பிரதியின் இரண்டாம் பக்கத்தில் உங்கள் இணைய முகவரியையும், இந்நூல் பயன்பட்டால் இந்த வழியில் விலையைச் செலுத்தலாம் என்ற ஒரு வரியையும் முன்கூட்டியே போட்டு வையுங்கள். கோப்பு எங்கே போனாலும் முகவரி கூடவே போகும். சிலர் உண்மையாகவே பணம் அனுப்புவார்கள்.

கடவுச்சொல் யாரிடம்?

எழுத்தாளர்களில் கணிசமானோர் ஓய்வு பெற்ற பிறகுதான் நூல் வெளியிடத் தொடங்குகிறார்கள். அவர்களது மௌத்துக்குப் பின் பெட்டியிலுள்ள நூல்களைப் பிள்ளைகள் எங்காவது கொடுத்துவிடுவார்கள். இணையப் பக்கம் என்னவாகும்? டொமைனுக்கு வருடப் பணம் கட்டாவிட்டால் அது வேறொருவர் கைக்குப் போய்விடும். இரண்டு வருடங்கள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 இல் அறிவித்தது. பிளாகர் பக்கமும் அந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான்.

கூகுளில் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்ற அமைப்பு இருக்கிறது. குறிப்பிட்ட காலம் நீங்கள் வராவிட்டால் எவரிடம் தரவுகளை ஒப்படைப்பது என்று அதில் எழுதி வைக்கலாம். முகநூலிலும் அதுபோல ஒருவரை நியமிக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் 'வேபெக் மெஷின்' பகுதியில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொன்னால், பக்கம் மறைந்தாலும் அதன் பிரதி அங்கே இருக்கும். இதற்கு ஒரு நிமிடம்தான் எடுக்கும், பணம் எதுவும் இல்லை. காணி உறுதி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பவர்கள், நூலின் மூலக் கோப்பு எந்தப் பென்டிரைவில் இருக்கிறது, பக்கத்தின் கடவுச்சொல் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் அதே உறைக்குள் ஒரு தாளில் எழுதி வைத்துவிடலாம்.